நாய்ப் படம் போட்ட அஞ்சலி பேனர்

என் அப்பாவுக்கு வெளிநாட்டில் ஒரு சகோதரர் இருந்தார், அவர் இறந்தும் போய்விட்டார் என்கிற இரண்டு செய்திகளையும் நான் ஒரே நேரத்தில், ஒரு பேனரைப் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது ஆறாம் வகுப்பில் இருந்தேன். அரியலூரில் பேருந்து நிலையத்துக்குப் போகிற சாலையில் எங்கள் ஃபிளெக்ஸ் கடை. பள்ளிக்கூடம் விட்டு வழக்கம்போல நேரே கடைக்கு வந்தவள், வாசலிலேயே திகைத்து நின்றுவிட்டேன். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தது. அதில் வாயில் நுழையாத ஒரு வெள்ளைக்காரப் பெயர். அதன்கீழ் ‘எங்கள் அன்புச் சகோதரர்’. ஆழ்ந்த துயரத்தில் இருப்பவர்கள் வரிசையில் முதலில் பெரியப்பா பெயர், அடுத்து அப்பா பெயர். நடுவில், இறந்தவர் முகம் இருக்க வேண்டிய வட்டத்துக்குள், நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு பழுப்பு நிற நாய்.

உள்ளே ஓடினேன். அப்பா ஈரத் தலையோடு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா சுவரோரமாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் கணினியில் எதையோ படித்த அப்பா, ஓடிக்கொண்டிருந்த பிரிண்டரைப் பாதியில் நிறுத்திவிட்டு, கொல்லைக் குழாயடிக்குப் போய்க் கட்டிய வேட்டியோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாராம். பங்காளி செத்த சேதி வந்தால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் முழுகுவார்கள். அம்மா பதறிப்போய், யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார். “நம்ம சாஃப்ட்வேர்காரரு போயிட்டாரு” என்று மட்டும் சொன்னாராம். சாஃப்ட்வேர்காரருக்கு எதற்குத் தலைமுழுக்கு என்று அம்மாவுக்கு விளங்கவே இல்லை.

அந்தச் சாஃப்ட்வேர்காரரை எனக்கும் தெரியும், பேச்சு வாக்கில். பேனர் வடிவமைக்க அப்பா முதலில் வைத்திருந்த மென்பொருள், எல்லாக் கடையிலும் இருந்ததைப் போலத் திருட்டுப் பிரதிதான். அது முகூர்த்த நாளாகப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். அதன் தொல்லை தாங்காமல்தான் இலவச மென்பொருளுக்கு மாறினார். அதை எழுதியவர்கள் விற்பதில்லை. யாரும் இறக்கிக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அடுத்தவருக்கும் கொடுக்கலாம். ஆனால் அதில் தமிழ் எழுத்துகள் சொன்னபடி கேட்கவில்லை. கொம்பு ஓர் இடத்தில் நிற்கும், எழுத்து வேறு இடத்தில் நிற்கும். மணமகன் பெயரைக் கண்டபடி சிதைத்துப் பந்தலில் கட்டினால் பெண் வீட்டார் சும்மா விடுவார்களா?

அப்பாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. இணையத்தில் மொழிபெயர்த்து, ஒரு புகார் எழுதிப்போட்டார். மறுநாளே மென்பொருளை எழுதியவரிடமிருந்து பதில் வந்துவிட்டது. அந்த மனிதர் பிறந்ததிலிருந்து ஒரு தமிழ் எழுத்தைக்கூடப் பார்த்ததில்லை. எழுத்தைக் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அப்பா எழுதி அனுப்ப, அவர் திருத்தி அனுப்ப, அப்பா அச்சடித்துப் பார்த்து மறுபடி குறை சொல்ல, ஒரு மழைக்காலம் முழுக்க இதே வேலையாக இருந்தார்கள். கடைசியில் கொம்பு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு புதுப் பதிப்பையும் அவர் முதலில் அப்பாவுக்குத்தான் அனுப்பினார். பனி கொட்டுகிற ஊர் என்பதற்குமேல் அவரைப் பற்றி அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தை எங்கேயும் போட்டவரில்லை. பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் அவருடைய நாய்தான் இருக்கும். அப்பா அதை எடுத்துத்தான் பேனரில் போட்டிருந்தார்.

ஊருக்கு இதெல்லாம் தெரியுமா? எதிர் டீக்கடையில் ஒருத்தர் விடாமல் வாயைப் பிளந்து பார்த்தார்கள். கைபேசியில் படம் எடுத்தார்கள். ஃபிளெக்ஸ் கடைக்காரர் நாய்க்குக் கருமாதி செய்கிறார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. பள்ளிக்கூடத்தில், அது கடித்துச் செத்ததா கடிபட்டுச் செத்ததா என்று என்னிடமே கேட்டார்கள். எனக்கு வெட்கத்தில் உயிர் போயிற்று.

மூன்றாம் நாள் காலையில் உடையார்பாளையம் பஸ்ஸிலிருந்து பெரியப்பா இறங்கினார். கையில் மஞ்சள் பை. முகத்தைப் பார்த்ததுமே அம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டார். பெரியப்பாவுக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இருந்தது. அவருடைய ஒரே மகளுக்கு, என் அக்காவுக்கு, வருகிற புதன்கிழமை நிச்சயதார்த்தம். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போய், மூன்றாவதாகத் திருமழபாடியில் அமைந்த மாப்பிள்ளை. துக்க வீட்டில் நிச்சயம் பண்ண மாட்டார்கள் என்பது ஒரு பக்கம். நாய்க்கு அஞ்சலி செலுத்துகிற குடும்பத்தில் பெண் எடுப்பார்களா என்பது இன்னொரு பக்கம். பேனர் படம் கைபேசி கைபேசியாகத் தாவி மாப்பிள்ளையின் அப்பாவுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. விடிந்ததும் அவர் பெரியப்பாவைக் கூப்பிட்டு, என்ன விஷயம் என்று கேட்டுவிட்டார். போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா பஸ் ஏறியிருந்தார்.

“ஏண்டா, நாய்க்கு நான் கூடப் பொறந்தவனா?” என்று வாசலிலிருந்தே கத்தினார். “மூணாவது எடம்டா இது. இதுவும் போச்சுன்னா அந்தப் புள்ள மொகத்துல எப்புடி முழிப்பேன்?”

அப்பா எழுந்து நின்று, இறந்தவர் மனிதர்தான் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். எந்த ஊர், என்ன உறவு, எத்தனை தடவை வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று பெரியப்பா கேட்டதற்கெல்லாம், பனி கொட்டுகிற ஊர் என்று மட்டும் சொன்னார். சரி, என் பெயரை எதற்குப் போட்டாய் என்றார் பெரியப்பா.

“அண்ணன் இருக்கறப்ப எம்பேர மட்டும் போட்டா நல்லாருக்குமாண்ணே?”

எங்கள் ஊர்ப் பேனர் முறைப்படி அது சரிதான். மரியாதை தெரிந்து செய்த காரியம். பெரியப்பாவுக்கு அதைக் கேட்டு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. பையிலிருந்து அரிவாளை எடுத்தார். அம்மா ஐயோ என்று அலறிவிட்டார்.  பெரியப்பா அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே வெளியே போய்ப் பேனரைக் கட்டியிருந்த கயிற்றில் அரிவாளை வைத்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அப்பா வரவில்லை.

ஒரு கயிறு அறுந்து பேனர் சாய்ந்த நேரத்தில் ஒரு மோட்டார் பைக் வந்து நின்றது. வந்தவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரம்பலூரில் பெரிய ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவர். எங்கள் வாடிக்கைக்காரர்களைப் பாதி விலைக்கு இழுத்துக்கொண்டவர் என்று எங்கள் வீட்டில் அவரைத் திட்டாத நாள் கிடையாது. அப்பாவும் அவரும் பேச்சுவார்த்தையை விட்டே பல வருஷம். அவர் கையில் ஒரு ரோஜாமாலை இருந்தது.

பேனரையே பார்த்துக்கொண்டு நின்றார். 

“போன்ல அந்த நாய்ப் படத்தப் பாத்ததுமே எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சுங்க” என்றார் பெரியப்பாவிடம். “நானும் அவரு குடுத்ததுலதான் பொழைக்கிறேன். தமிழே வராம கடைய மூடிடலாம்னு இருந்தப்ப, திடீர்னு எழுத்து சரியா வர ஆரம்பிச்சுது. அவருக்கு நன்றின்னு ஒரு வார்த்த எழுதணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். எழுதறதுக்குள்ள போயிட்டாரேங்க.”

சாய்ந்து தொங்கிய பேனரை எட்டிப் பிடித்து, மாலையை அதன் மேல் போட்டார். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு வந்து, பெரியப்பாவுக்கு எதிரில் நின்று, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். துக்கம் கேட்க வருகிற ஆண்கள் அப்படித்தான் கை நீட்டுவார்கள். துக்க வீட்டுப் பெரியவர் அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

 பெரியப்பா அந்தக் கைகளையே பார்த்தார். தப்பான ஆளிடம் நீட்டுகிறாய் என்று இப்போது கத்தப் போகிறார் என நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பி, “இதப் புடி பாப்பா” என்று அரிவாளை என்னிடம் கொடுத்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பிறகு இரண்டு கைகளாலும் வந்தவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் வெகுநேரம் விடவே இல்லை.

வந்தவர் கடைக்குள் போனார். உள்ளே அப்பா உடைந்து அழுகிற சத்தம் கேட்டது. அப்பா அழுது அதற்குமுன் நான் கேட்டதில்லை. பெரியப்பா அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு, பேனரை இழுத்து நேராகக் கட்டினார். படியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்துத் திருமழபாடிக்குப் பேசினார்.

“ஆமாங்க சம்மந்தி, நீங்க கேட்டது நெசந்தான். எங்க வூட்ல ஒரு துக்கம்… வெளியூர்ல இருந்தாரு. எந் தம்பிக்கு அண்ணன் மொற… எனக்குந்தாங்க. பதினாறு கழியட்டும். அப்பறம் வச்சிக்கலாமா?”

மறுமுனையில் என்ன சொன்னார்களோ, கேட்கவில்லை. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு, கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். அரிவாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கத்தில் நின்ற நான் அதிர்ந்துபோயிருந்தேன். பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று எங்களையெல்லாம் மிரட்டுகிற பெரியப்பா, நட்ட நடுத்தெருவில், சொந்த மகளுடைய கல்யாண விஷயத்தில் இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்கிறாரே என்று.