கிங்ஸ்பரியை விற்பது

வீடு பார்க்க மூன்றாவது சோடி வருவதாக இருந்த சனிக்கிழமை காலை, மனைவி எனக்கு ஒரேயொரு நிபந்தனை விதித்தாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்குக் கொள்ளைநோயைப் பற்றி ஒரு சொல் கதைக்கக்கூடாது."

"கதைக்கமாட்டன்."

"போனமுறையும் உப்பிடித்தான் சொன்னீங்கள். அந்த மனுசி தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பிப் போட்டுது."

மகள் லண்டனின் கிழக்கு மூலையில், பார்க்கிங் என்ற இடத்தில் இருக்கிறாள். அவளுடைய பிரசவ விடுப்பு முடியப்போகிறது. பேரனைப் பார்க்க ஆள் வேண்டும். மனைவி வாரத்தில் பாதியை ரயிலில் கழிக்கிறாள், மடியில் சாப்பாட்டுப் பெட்டியோடு, லண்டனை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வெட்டிக்கொண்டு. முழங்கால் ஒவ்வொரு ஸ்டேஷன் படியிலும் அவளிடம் முறையிடுகிறது. இந்த வீட்டை விற்றுவிட்டு அங்கேயே போவோம் என்றாள். நானும் ஓம் என்றேன். இடம் மாறுவதற்கு நான் தயங்கியவனே அல்ல. லண்டனின் தென்புறம் நோர்பரியில் இருந்தபோது இல்லாத குறைகளையெல்லாம் கண்டுபிடித்து இங்கே வந்தேன். அரை மணித்தியாலம் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தால் எதிர்க் கதிரை இதைவிட வசதியானது என்று தோன்றுகிற உடம்பு என்னுடையது.

ஆனால் விற்பனைப் பலகையை வாசலில் நட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு வியாதி பிடித்தது. நாங்கள் இருக்கிற கிங்ஸ்பரியின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினேன். இவ்வளவு காலம் இங்கே குடியிருந்தும் நூலகத்தில் அந்தத் தட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவன், புறப்படுகிற நேரத்தில் போய் ஒட்டிக்கொண்டேன். இரவில் நித்திரை இல்லை. பகலில் கால் நிற்பதில்லை. பழைய தேவாலயத்தைப் பார்க்க நடந்து போவேன், திரும்பி வந்து மறுபடி போவேன்.

இது ஒரு கிராமமாக இருந்த இடம். லண்டன் குதிரைகளில் ஓடிய காலத்தில் அந்தக் குதிரைகளுக்குக் காய்ந்த புல் அனுப்பிய ஊர்களில் ஒன்று. பிறகு ரயில் வந்தது, புல்வெளிகளில் எங்களுடையதைப் போன்ற வீடுகள் வரிசையாக முளைத்தன, ஊர் நகரத்துக்குள் போய்விட்டது. வைக்கோற் கூரை வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. அவற்றைப் பழைய கிராமத்தின் மிச்சம் என்று வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் அவை நகரம் வாசலுக்கு வந்தபிறகு, கிராமம்போல இருக்கட்டும் என்று கட்டியவை.

என்னை அலைக்கழித்தது வேறொன்று. நகரம் விழுங்குவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்த ஊர் ஒருமுறை தானாக எழும்பி நடந்திருக்கிறது. பழைய தேவாலயத்தைச் சுற்றி இருந்த சனம் கொள்ளைநோயில் செத்தது போக, மிஞ்சியவர்கள் தள்ளிப்போய்க் குடியேறினார்கள் என்று ஒரு கதை. அறிஞர்கள் இதற்குத் தலையாட்டமாட்டார்கள், நான் ஆட்டினேன். போதாததற்கு, லண்டனின் நடுவே நின்ற ஒரு தேவாலயத்தைக் கல் கல்லாகக் கழற்றிக் கொண்டுவந்து அந்தப் பழையதன் பக்கத்தில் பூட்டியிருக்கிறார்கள். கோயிலே வீடு மாறுகிற ஊர். எனக்குப் பொருத்தமான ஊர் இதுதான் என்று தெரிய வந்தபோது வாசலில் பலகை நிற்கிறது.

பதினொரு மணிக்கு அந்தச் சோடி வந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள், இருவருக்கும் கணினி வேலை. சமையலறை, குளியலறை எல்லாம் ஒழுங்காகக் காட்டினேன். வாயைப் பூட்டித்தான் வைத்திருந்தேன். ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம்: யாரைக் கண்டாலும் ஊர் எது என்று கேட்காவிட்டால் சோறு தொண்டைக்குள் இறங்காது. ஊர் தெரிந்தால் கோயிலடியா சந்தியடியா என்பது அடுத்த கேள்வி. அதுவும் தெரிந்துவிட்டால் சொந்தம் வரும், அல்லது பழைய காணி வழக்கு வரும்.

"தம்பி எந்த ஊர்?"

"சென்னை சார்."

"சென்னை ஒரு ஊரே? சென்னையிலை எங்க?"

"வேளச்சேரி சார்."

"அப்ப அதெல்லோ உம்மட ஊர்!"

"அது ஊர் இல்ல சார், ஏரியா."

அவன் மனைவி சிரித்தாள். "இவங்க தாத்தா அங்க வயல் வச்சிருந்தாராம் அங்கிள். இப்ப அதே எடத்துலதான் இவங்க பிளாட். மூணாவது மாடி."

இதை அந்தப் பிள்ளை சொல்லியிருக்கக்கூடாது. மடை உடைந்தது. புல், ரயில், கூரை வீடு, கழற்றிப் பூட்டிய தேவாலயம், எல்லாம் கொட்டினேன். கடைசியில் கொள்ளைநோயையும், தேவைக்குச் சற்று அதிகமான பிணங்களோடு. அவர்களைக் கலைத்து அனுப்பத்தான் சொன்னேனா என்றால், ஆம், அதற்குத்தான். சமையலறை வாசலில் நின்ற மனைவி என்னைத் தடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அசையவில்லை.

"அந்த சர்ச்சுக்கு இங்கேர்ந்து நடந்தே போயிடலாமா அங்கிள்?" என்றாள் அந்தப் பெண்.

"இவ்ளோ பிடிச்சிருக்கே, அப்புறம் ஏன் சார் விக்கிறீங்க?" என்றான் அவன்.

மனைவிதான் பதில் சொன்னாள். "பேரன் பார்க்கிங்கிலை, தம்பி. இவர் இஞ்சை. நான் ரெயினிலை."

திங்கட்கிழமை ஏஜென்ட் அழைத்தார். அவர்களுக்கு வீடு வேண்டுமாம்.

மனைவி துள்ளவில்லை. கோப்பைகளைத் துடைத்தபடி கேட்டாள். "நீங்கள் அவையைக் கலைக்கத்தானே அவ்வளவும் அளந்தனீங்கள்?"

"ஓம்."

"தெரியும். அந்தப் பிள்ளை கண்ணை விரிச்சுக்கொண்டு நிண்டுது. அதுதான் உங்களை நல்லாக் கதைக்க விட்டனான்."

கோடைக்குள் பார்க்கிங்குக்கு வந்துவிட்டோம். மகள் வேலைக்குப் போகிறாள். மனைவி ரயிலையே மறந்துவிட்டாள். நான்தான் புது வீட்டில் கதிரை கதிரையாக மாறி இருக்கிறேன். போன கிழமை பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு இருவரும் மரக்கறி வாங்கப் போனோம். தமிழ்க் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"புதுசாய்க் கிடக்கு. அண்ணை எந்த ஊர்?"

இந்தக் கேள்விக்கு என் நாக்கு ஒருநாளும் தடுமாறியதில்லை. யாழ்ப்பாணத்துச் சந்தி ஒன்றின் பெயர் தானாக வந்துவிடும். அன்று வரவில்லை.

"கிங்ஸ்பரி," என்றேன்.

"அது ஊரோ அண்ணை? அது ஸ்டேஷனெல்லோ!"

"இல்லைத் தம்பி, முந்தி அங்கை லண்டன் குதிரையளுக்குப் புல்லு..."

மனைவி என்னைத் தாண்டிக் கையை நீட்டி மேசையில் ஒரு பிடி கறிவேப்பிலையை வைத்தாள்.

"இதையும் சேர்த்து நிறுங்கோ, தம்பி. இவர் முடிக்க நேரமெடுக்கும்."