பட்டி பார்க்கக் கூடாத இடம்

சுரூபங்களைப் பழுது பார்க்கும் தொழிலில், பட்டறைக்கு வந்து படுத்துக்கிடப்பவர்கள் யாரும் வாய் திறப்பதில்லை. அவர்களைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆட்கள்தான் ஒரே வாக்கியத்தில் நம்மை உட்கார வைத்துவிட்டுப் போகிறார்கள்.

என் பட்டறை தக்கலை பக்கம் இருக்கிறது. மூக்கு தேய்ந்த அந்தோணியார், விரல் உடைந்த மாதா, கை கழன்ற இயேசு என்று மாவட்டம் முழுவதிலும் இருந்து வருவார்கள். புதிதாக ஃபைபரில் வார்த்தும் கொடுப்போம். வார்ப்பது என் கூட்டாளி ஞானமணி. ஓட்டை, விரிசல் எல்லாவற்றையும் பசை வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வழவழவென்று ஆக்கிப் பெயிண்ட் அடிப்பது நான். அடைக்கிற வேலைக்குப் பட்டி பார்ப்பது என்று பெயர். இதில் ஒரு வேடிக்கை, நான் சுரூபமே வைக்காத சபையைச் சேர்ந்தவன். எங்கள் போதகருக்கு என் தொழில் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

தையல்காரரோ, போட்டோக்காரரோ, கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரோ, நீங்கள் யாராக இருந்தாலும் வாடிக்கையாளர் சொன்ன ஒரு சொல்லில் வாயடைத்துப்போன நாள் உங்களுக்கும் இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் இந்த ஆண்டுத் தவக்காலத்தில் வாங்கிய அடிகளை உங்களிடம் சொல்கிறேன்.

எல்லாம் சகாயராணி வந்ததில் இருந்து தொடங்கியது. மணவாளக்குறிச்சிக்கு அந்தப் பக்கம் கடற்கரை ஊர், நாற்பது வயது இருக்கும். கணவர் பனிதாஸைப் புயல் கொண்டுபோய்விட்டது. அவர் நினைவாகக் கோயிலுக்கு ஓர் ஐந்தடி உயிர்த்த ஆண்டவர் சுரூபம் வேண்டும், பீடத்தில் அவர் பெயர் வேண்டும், ஈஸ்டருக்குள் வேண்டும் என்றார். எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டேன். "அவரப் பாத்தா எனக்க மாப்பிளயும் ஒரு நாளு இப்பிடி எழும்பி வருவாருன்னு எனக்கு உறப்பு வரணும் அண்ணே. இப்பம் அது இல்ல" என்றார். அந்த உறப்பை, அசையாத நம்பிக்கையை, செய்து கொடுக்கும் பொறுப்பு, ஆர்டரோடு சேர்ந்து என் தலையில் விழுந்தது.

லேசா ஒரு சிரிப்பு

குலசேகரத்தில் புது வீடு கட்டிய ஒரு தம்பதி காரில் வந்து இறங்கினார்கள். கணவர் குவைத்தில் இருந்து விடுப்பில் வந்தவர். டிக்கியில் இருந்து அவர்கள் குடும்பத்துப் பழைய மரச் சுரூபத்தை எடுத்தார்கள். பாடுபட்ட இயேசு, நல்ல வேலைப்பாடு. விலாவில் ரத்தம் வடிந்து உறைந்திருக்கும், முழங்காலில் விழுந்து சிராய்த்த தோல் தனியாகத் தெரியும். செய்தவர் யாரோ, அழுதுகொண்டே செய்திருக்க வேண்டும். உடைந்த கால்விரலை ஒட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"ரத்தத்த எல்லாம் எடுத்துரணும் அண்ணே" என்றார் மனைவி. முழங்கால் சிராய்ப்பையுமா என்று கேட்டேன். அதையும்தான் என்றார். அப்படியானால் இவர் எதற்காகச் சிலுவையில் இருக்கிறார் என்று வருகிறவர்கள் கேட்பார்களே என்றேன், கொஞ்சம் சூடாகத்தான். கணவர் ஒரு நிமிடம் யோசித்தார். மனம் மாறிவிட்டார் என்று நான் சந்தோஷப்படப் போன நேரத்தில் சொன்னார்: "அது செரிதான். அப்பம் லேசா ஒரு சிரிப்பும் வச்சிருங்க, வீட்டுக்கு வாறவங்களுக்கு ஒரு பாசிட்டிவ் ஃபீல் வேணும்லா."

துண்டு

கடற்கரைக் கோயில்களில் பெரிய வெள்ளியன்று இயேசுவைச் சிலுவையில் இருந்து இறக்குவார்கள். அதற்கென்றே தோளில் மடங்குகிற மாதிரி கை வைத்த சுரூபம் இருக்கும். கைகளை மடக்கி, ஆசந்தி என்கிற கண்ணாடிப் பேழையில் கிடத்தி, ஊர் முழுக்க அழுதுகொண்டு சுமந்து போவார்கள். அப்படி ஒரு சுரூபத்துக்குத் தோளில் உள்ள தோல்வார் அறுந்துவிட்டது. ஷாகுலின் லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்ப் பழுதுக்கு ஏற்றினோம். ஷாகுல் தேங்காப்பட்டணத்துக்காரர், பல வருடங்களாக எனக்கு வண்டி ஓட்டுகிறார்.

மேடு பள்ளமான ரோடு. நான் சுரூபத்தின் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, சிமென்ட் மூட்டையைக் கட்டுவது போல இறுக்கிக் கட்டினேன். பதினெட்டு வருடமாக அப்படித்தான் கட்டுகிறேன். ஷாகுல் பார்த்துக்கொண்டே இருந்தவர், தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். எதற்கு என்று கேட்டேன். "கயிறு அந்தக் காயத்துல உரசுது அண்ணே, இத அடியில வச்சுக் கெட்டுங்க. எங்க வேதத்துல இவருக்க கத வேற மாதிரி. ஆனா காயம் காயந்தானே?"

தோள்மூட்டு

அதே சுரூபத்தை மேசையில் கிடத்தித் தோளைத் திறந்து வைத்திருந்தபோது செல்லையன் வந்தார். தென்னை ஏறுகிற தொழில். மரத்தில் இருந்து விழுந்து வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. அவர் வந்தது, ஊர்க் குருசடியில், அதாவது சின்னச் சிலுவைக் கோயிலில், வைத்திருந்து பழுதுக்கு வந்த அந்தோணியாரை வாங்கிப்போக. விழுந்த பிறகு அவர் கோயில் வாசலையே மிதிப்பதில்லை என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்தோணியாரையும் மனைவியின் நச்சரிப்பு தாங்காமல்தான் வாங்க வந்திருந்தார்.

திறந்து கிடந்த தோளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். இங்கே என்ன கேடு என்று கேட்டார். ஆள் தொங்கும்போது உடம்பின் பாரம் முழுக்க இந்த மூட்டில்தான் விழும், அதனால் முதலில் போவது இதுதான் என்று தொழில் விளக்கம் சொன்னேன். நான் சொன்னது தோல்வாரைப் பற்றி. அவர் கேட்டது வேறு யாரைப் பற்றியோ. நல்ல கையால் தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் சுரூபத்தின் முகத்தையே பார்த்தார். கடைசியில் அந்தோணியாரை மறந்துவிட்டு வாசல்வரை போய்த் திரும்பிச் சொன்னார்: "இம்புட்டு வருசமா இவருகிட்ட கோவிச்சிட்டுக் கெடந்தேனே! எனக்கும் அதே எடத்துலதான் போச்சு. இவரு எனக்க கூட்டாளியாக்கும்!"

புதுமாப்பிள்ளை

இத்தனை அடி வாங்கியவனுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். வரவில்லை.

சகாயராணியின் உயிர்த்த ஆண்டவர் அச்சில் இருந்து வெளியே வந்தார். கைகளில் இரண்டு, கால்களில் இரண்டு, விலாவில் ஒன்று என ஐந்து காயங்களும் அச்சிலேயே குழிந்து வந்திருந்தன. நான் யோசித்தேன். பாடெல்லாம் வெள்ளிக்கிழமையோடு முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை வெற்றி அல்லவா? புதுச் சரக்கில் யாராவது ஓட்டையை விட்டுவைப்பார்களா? அதற்கு மேல் ஒரு நல்ல எண்ணமும் இருந்தது. கடல் அந்தப் பெண்ணின் கணவரை என்ன பாடு படுத்தியதோ, சேதாரம் இல்லாத ஓர் உடம்பைப் பார்த்தால் ஆறுதலாக இருக்குமே! ஐந்தையும் அடைத்தேன். தேய்த்து, தோல் நிறத்தில் இரண்டு கோட்டிங் கொடுத்தேன். என் தொழிலில் அவ்வளவு சுத்தமான வேலையை நான் செய்ததே இல்லை. ஞானமணி மூன்று முறை சுற்றி வந்து பார்த்தார். "இப்பத்தான் ஓய் ஆளு உயிர்த்த மாதிரி இருக்கு, புதுமாப்பிளயாக்கும்!"

பெரிய வியாழன்

வியாழன் காலையில் சகாயராணி பார்க்க வந்தார். சனிக்கிழமை காலை வண்டி ஏற்ற வேண்டும். நான் கல்யாண வீட்டில் திரையை விலக்குகிற தோரணையில் துணியை இழுத்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நேராகக் கையைத்தான் பார்த்தார். உள்ளங்கையைக் கட்டைவிரலால் தடவினார். மறு கையையும் தடவினார். குனிந்து பாதத்தைத் தொட்டார். எழுந்து விலாவில் கையை வைத்தார். "காயம் எங்க?" என்றார்.

நான் என் வெற்றித் தத்துவத்தை ஆரம்பித்தேன். பாதியில் அவர் பெயிண்ட் டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். புயல் அடங்கிப் பதினோராம் நாள் இவரைக் கேரளத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்களாம். மூன்று உடல்கள். எதிலும் முகம் என்று ஒன்று இல்லை. உடுப்பு இல்லை. இவர் வலது கையைக் காட்டச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது உடலின் உள்ளங்கையில், நங்கூரக் கயிறு அறுத்துத் தையல் போட்ட தழும்பு இருந்தது. தையல் போட்ட அன்று கூடவே இருந்தவர் இவர்தான்.

உயிர்த்து வந்தவரை நம்பாத சீடன் ஒருவன், காயத்தில் விரலை இட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றதும், அவர் கையை நீட்டிக் காட்டியதும் எனக்குத் தெரியாத கதையா? ஞாயிறு பள்ளியில் அதை மனப்பாடமாகச் சொல்லி டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவன் நான். காயத்தோடு வந்தார் என்பதை வாயால் சொல்லி டிபன் பாக்ஸ் வாங்கிவிட்டு, கையால் அடைத்து வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சகாயராணி அழவில்லை, அதுதான் இன்னும் மோசம். "அந்தத் தழும்பு இல்லேன்னா எனக்க மாப்பிளய வேற ஆருன்னோ பொதச்சிருப்பாவ. நீங்க இப்பிடி எல்லாத்தயும் அடச்சு வச்சா, நாளைக்கு அவரு எழும்பி வரும்பம் நான் எப்பிடிக் கண்டுபிடிப்பேன்?"

டிரில்லிங் மெஷின்

விலாவையும் பாதங்களையும் அன்று சாயங்காலத்துக்குள் உளியால் தோண்டிவிட்டேன். அங்கே கனம் உண்டு. கைகள்தான் ஆபத்து. பட்டி கல்லாக இறுகிவிட்டது, டிரில்லிங் மெஷின் வைத்தால்தான் வரும். உள்ளங்கை மெல்லிசு, கொஞ்சம் அதிர்ந்தால் விரலோடு உடைந்து போகும். யாராவது மணிக்கட்டை அசையாமல் பிடிக்க வேண்டும். மறுநாள் பெரிய வெள்ளி. ஞானமணி சிலுவைப் பாதைக்குப் போய்விட்டார். என் மனைவி எங்கள் சபையில் பன்னிரண்டு முதல் மூன்று வரை நடக்கும் மும்மணி ஆராதனையில் இருந்தாள், எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு. மதியத்துக்கு மேல் சகாயராணி பஸ்ஸில் வந்தார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத விரதம். "நான் பிடிக்கியேன்" என்றார்.

கடிகாரத்தைப் பார்த்தேன், மூன்று மணி ஆகப்போகிறது. பெரிய வெள்ளி மூன்று மணிக்கு இயேசுவின் கையில் ஓட்டை போட்டவன், அந்த ரோமப் போர்ச்சேவகர்களுக்குப் பிறகு நானாகத்தான் இருக்கும் என்று ஒரு பகடி மனசில் வந்தது. சுவிட்சை அழுத்தியதும் பகடி போய்விட்டது. அந்தச் சத்தம்! வெள்ளைத் தூள் சகாயராணியின் கைகளின் மேல் கொட்டியது. எனக்குப் பயமாக இருந்தது, விரல் உடைந்துவிடும் என்று மட்டும் இல்லை. மெஷினை நிறுத்திவிட்டேன். அவர் பிடியைத் தளர்த்தவில்லை. இரண்டு கையாலும், ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது கணவரின் கையைப் பிடித்திருப்பாரே, அப்படிப் பிடித்திருந்தார். "மெதுவாட்டு போடுங்கண்ணே. அவருக்கு இது ரெண்டாமத்த தடவயாக்கும்."

ஈஸ்டர்

ஞாயிறு காலை எங்கள் ஆராதனை முடிந்ததும் மனைவியை பைக்கில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். சுரூபம் கோயிலின் பலிபீடத்துக்குப் பக்கத்தில் நின்றது. விரல் எதுவும் உடையவில்லை. ஆனால் காயத்துக்குள் சனிக்கிழமை காலையில்தான் சிவப்பு வைத்தேன், அது காய இன்னும் ஒரு நாள் வேண்டும். தொடக் கூடாது என்று அட்டையில் எழுதியே அனுப்பியிருந்தேன். அந்த அட்டை சுரூபத்தின் காலடியில் குப்புறக் கிடந்தது. ஊரே வரிசையில் நின்று, காயத்தில் விரலை வைத்து, அந்த விரலைத் தங்கள் உதட்டில் வைத்து முத்தி செய்துகொண்டிருந்தது. நைலான் அறுத்த விரல்கள், தூண்டில் முள் ஏறிய விரல்கள், பாதி இல்லாத ஒரு விரல். எல்லா விரல் நுனியிலும் என் பெயிண்ட்.

பதறிப்போய்க் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு சகாயராணியிடம் போனேன். பெயிண்ட் காயவில்லை, நாளைக்கு வந்து மறுபடியும் அடித்துத் தருகிறேன், மன்னிக்க வேண்டும் என்று உளறினேன். அவர் தன் விரலைக் காட்டினார். அதிலும் சிவப்பு. துடைக்கவே இல்லை. சுரூபத்தின் பீடத்தில் பனிதாஸ் என்ற பெயருக்குப் பக்கத்தில் அந்த விரல் பட்ட அடையாளம் இருந்தது. "ஒண்ணும் அடிக்கண்டாம் அண்ணே, எனக்கு உறப்பாச்சு. ஆயிரம் பேரு கூட்டமாட்டு எழும்பி வந்தாலும், முகத்தப் பாக்க மாட்டேன், கையப் பாத்து அவரப் பிடிச்சிருவேன்."

அதற்குப் பிறகு என் பட்டறையில் இருந்து போகிற உயிர்த்த ஆண்டவர்கள் எல்லாரும் ஐந்து காயங்களோடுதான் போகிறார்கள், வாங்க வருகிறவர்களில் வாரத்துக்கு ஒருவராவது அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி, இஞ்ச பட்டி பாக்க மறந்துட்டியளே!" என்று என்னைத் திருத்தத்தான் செய்கிறார்.