தவமணி அக்கா அடிக்காத பந்து

செவ்வாய்க்கிழமை காலை, தொழிற்சாலையில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தபோது மனைவியின் அழைப்பு வந்தது. "இஞ்சாருங்கோ, தவமணியக்கா மோசம் போயிட்டாவாம்." அக்கா இறந்த சேதிக்கு அழுகை வருமுன்னே எனக்குப் பயம்தான் வந்தது. ஒரு காரியத்தைச் சொல்ல எனக்கு இனித் தவணை இல்லை.

டென்மார்க்கின் ஸ்கீவ நகரத்து முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டே, காற்பந்துக்காரர் கைவிட்ட புல்வெளியை நகரசபையிடம் கெஞ்சி வாங்கி, இங்கே கிரிக்கெட்டை வளர்த்தவர் தவமணி அக்கா. டேனிஷ் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத்து ருண்ட்போல்ட் ஆட்டம்தான். அதில் பந்தை அடித்ததும் மட்டையை எறிந்துவிட்டு ஓடுவார்கள். இங்கேயும் எறிந்தார்கள். "மட்டையோடை ஓடு ராசா!" என்று அக்கா தமிழிலேயே கத்துவார். அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் அதுதான். மட்டை பிடிப்பதில் அவரை வெல்ல எங்களில் ஆளில்லை.

நான் மணமுடித்து வந்த முதற்கோடை அது. கிளப் வீட்டுச் சுவரோரம் ஒரு குழந்தை வண்டில் நின்றது. இந்த நாட்டில் பச்சைக் குழந்தையைத் தனியே வெளியில் தூங்க விடுவார்கள் என்று யார் கண்டது? வெறும் வண்டில் என்று நினைத்து அதையே எல்லைக்குறியாக வைத்தேன். கூட ஆடியவர்களும் என்னைப்போலப் புதிதாக வந்தவர்கள்தாம். அக்கா வேலை முடிந்து வந்து கால்கவசம் கட்டிக்கொண்டிருந்தார். நான் அடித்த தோல்பந்து அந்த வண்டிலின் கூரையில் போய் விழுந்தது. உள்ளே குழந்தை வீரிட்டது.

நான் மட்டையோடு அங்கேயே நின்றேன். அக்கா ஓடிவந்து மட்டையைப் பறித்தார்.

"உனக்கு இன்னும் விசா முடிவாகேல்லை. வாயைத் திறவாதை!"

தாய் கிர்ஸ்டன் பதறிக்கொண்டு வந்து குழந்தையைத் தூக்கித் தடவிப் பார்த்தார். நல்லகாலம், கீறல்கூட இல்லை. யார் அடித்தது என்று கேட்டார். "நான்தான்" என்றார் அக்கா. அடித்தவர் இனி இந்தத் திடலில் மட்டையைத் தொட்டால் நகரசபைக்கு எழுதி இடத்தையே பறிப்பேன் என்றார் கிர்ஸ்டன். அக்கா தலையாட்டினார். அதன்பிறகு அவர் தொடவேயில்லை. சனிக்கிழமைகளில் மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு நடைபாதையில் நிற்பார். வண்டில் வந்தால் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்துவார்.

எனக்கு விசா வந்தது. உண்மையைச் சொல்லக் குடியுரிமை வரட்டும் என்றேன். அதுவும் வந்தது. பிறகு வெட்கம். அக்கா ஒருநாளும் என்னைக் கடிந்ததில்லை. போன மாதம் நோயோடு மருத்துவமனையில் படுத்திருந்தபோதுதான் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"எட பயந்தாங்கொள்ளி, வாற கோடைக்கு முன்னமாவது அந்த மனிசிக்குச் சொல்லிப்போடு. எனக்கு ஒருக்கா மட்டை பிடிக்க வேணும்."

"ஓம் அக்கா, சொல்லுறன்" என்றேன். சொல்லவில்லை.

நாளை இறுதிச் சடங்கில் நான் எழுதும் இந்த அஞ்சலியை என் மகள் டேனிஷில் வாசிப்பாள். கிர்ஸ்டனும் வருகிறாராம். திடல் போய்விடுமோ, மகள் என்னை என்னவென்று நினைப்பாளோ என்று பயமாயிருக்கிறது. இந்த வரிகளை இரண்டுமுறை அழித்துவிட்டு எழுதுகிறேன்.

கிர்ஸ்டன், உங்கள் பிள்ளையின் வண்டிலில் விழுந்த பந்தை அடித்தவன் நான். தவமணி அக்கா அன்று ஒரு பந்தைக்கூட அடிக்கவில்லை. உங்கள் தடை எனக்குரியது. அந்த மஞ்சள் அங்கியை இனி நான் போடுகிறேன்.

பெட்டியை மூடுமுன் அக்காவின் கையில் அவருடைய மட்டையை வைப்பேன். பிடியுங்கள் அக்கா. போய் வாருங்கள்.