எனக்காகப் போட்ட இலை

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு காந்தி ஜெயந்தி அன்று நடந்தது இது. எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் கொஞ்ச தூரம் உள்ளே வந்தால் எங்கள் ஊர். மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் போடுகிற ஊர். அன்று விடிவதற்கு முன்பே எனக்குத் தூக்கம் போய்விட்டது. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். காப்பி போட்டுக் குடிக்க மறந்து, மறுபடி சூடு பண்ணி, மறுபடியும் மறந்தேன்.

காரணம் இருந்தது. முந்தின மாதம் குழாயடியில் எங்கள் தெருவுக்கும் காலனிக்கும் பெரிய சண்டை. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விட்டு முடித்த பிறகுதான் காலனிக்குத் திறப்பார்கள். அன்று மோட்டார் பாதியில் நின்றுபோய், அவர்களுக்கு ஒரு குடம்கூடக் கிடைக்கவில்லை. வாய்ச்சண்டை கைகலப்பாகி, இரண்டு பேருக்கு மண்டை உடைந்து, போலீஸ் வந்தது. அதிகாரிகள் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசிக் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டார்களே தவிர, யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்போதுதான் ஊர்க் கமிட்டியில் அந்த யோசனை வந்தது. அகிம்சையைச் சொன்ன மனிதரின் பிறந்த நாளில் சமபந்தி விருந்து வைப்போம், எல்லாத் தெருக்காரர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம் என்றார்கள். என் வீட்டுக்காரர்தான் கமிட்டிச் செயலாளர். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

காலனிப் பெண்களை அழைக்கும் வேலையை என்னிடம் விட்டார்கள். எங்கள் காட்டில் பதினைந்து வருடமாகக் களையெடுத்து, பருத்தி எடுக்கிற அம்மா ஒருவர் அங்கே இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் நான் 'வா, போ' என்றுதான் கூப்பிடுவேன். இதை எழுதும்போதுதான் 'அவர்' என்று வருகிறது. சண்டைக்குப் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. நான் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் மகன் உள்ளேயிருந்தபடியே, "ஆத்தா, போகாத. அவுக கூப்புட்டு வச்சு நம்மள கேனையாக்குவாக" என்றான். எனக்குச் சுருக்கென்றது. "நீ வா. நானும் நீயும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து சாப்புடுவோம். இது என் வாக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் மகன் இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "சரி, நீங்க சொன்னா வாரேன். இன்னும் நாலு பேரயும் கூட்டிக்கிட்டு வாரேன்" என்றார்.

நாலு பேர் இல்லை, முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாரும் நல்ல சேலை கட்டி, தலை வாரி, பூ வைத்து வந்திருந்தார்கள். கண்மாய்க் கரையில் தகரப் பந்தல். காந்தி படத்துக்கு மாலை போட்டாயிற்று. சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். பந்திப் பாய் விரித்து இலை போட ஆரம்பித்தார்கள்.

அங்கேதான் வந்தது வினை. எங்கள் தெரு ஆட்கள் ஒவ்வொருவராக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கினார்கள். ஒருவர் சாதம், ஒருவர் சாம்பார், ஒருவர் அப்பளக் கூடை. பெண்களும் அப்படியே கரண்டியோடு வரிசை கட்டி நின்றார்கள். பாயில் எங்கள் தெருவிலிருந்து ஓர் ஆள் இல்லை. பரிமாற ஆள் வேண்டாமா என்று கேட்டால் வேண்டும்தான். அதற்காக அறுபது பேருமா பரிமாறுவது?

என் வீட்டுக்காரர் கூட்டு வாளியை என் கையில் கொடுத்தார். "இந்தா, நீயும் பிடி. பரிமாறுறதுதான் பெரிய தொண்டு."

உண்மையைச் சொல்கிறேன். வாளியை வாங்கியபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது. காலையிலிருந்து இருப்புக் கொள்ளாமல் அலைந்தேனே, அது விழா நல்லபடியாக நடக்க வேண்டுமே என்ற கவலை என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. வாக்குக் கொடுத்துவிட்டோமே, உட்கார வேண்டுமே என்ற பயம். அது அந்த நிமிடம்தான் எனக்கே தெரிந்தது. தெரிந்தும் கூட்டு வைக்க ஆரம்பித்தேன்.

அந்த அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தார். அவருக்குப் பக்கத்து இலை காலி. யாரோ உட்கார வந்தபோது, "ஆள் வருது" என்று கையை வைத்து மறித்தார். நான் குனிந்த தலை நிமிராமல் அவர் இலையில் கூட்டை வைத்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தேன்.

எல்லாம் பரிமாறியாயிற்று. யாரும் கை வைக்கவில்லை.

"சாப்புடுங்க, சாப்புடுங்க" என்று மைக்கில் என் வீட்டுக்காரர் சொன்னார். சின்னப் பிள்ளைகள் கையை நீட்ட, தாய்மார் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்கள். அந்த அம்மா சத்தமே போடாமல், "மொதலாளியம்மா வரட்டும்" என்றார்.

"நான் பரிமாறிட்டு வாரேன். நீ சாப்புடு."

"இருக்கட்டும்மா. நாங்க இருக்கோம்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவர் மேல்தான் கோபம். அத்தனை பேருக்கு முன்னால் என் மானத்தை வாங்குகிறாளே, கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன என்று பல்லைக் கடித்தேன். வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன். பந்தலின் ஒரு முனைக்குப் போனேன், வந்தேன். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. வெயில் தகரத்தில் இறங்கி வேர்த்து ஊற்றியது. அவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

என் வீட்டுக்காரர் என்னை ஓரமாக இழுத்தார். "நீ உக்காந்தேன்னா நாளைக்குத் தெருவுல என்ன பேசுவாக, தெரியும்ல?"

"அப்ப எதுக்குச் சமபந்தின்னு போர்டு வச்சீக?" என்று வெடித்துவிட்டேன். கேட்டேனே ஒழிய, அப்போதும் வாளியைக் கீழே வைக்கவில்லை.

முதலில் ஓர் இளம்பெண் எழுந்தாள். இலையை அப்படியே விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தாள். அடுத்து நாலு பேர். அப்புறம் ஒரு வரிசையே எழுந்தது. பூ வைத்த தலைகள் பந்தலை விட்டு வரிசையாக வெளியே போயின. கடைசியில் ஏழெட்டுப் பேர் மிச்சம். அந்த அம்மா எழவில்லை. போகிறவர்களில் ஒருத்தி, "ஒன் பேச்சக் கேட்டு வந்தோம் பாரு" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பதினைந்து வருடத்தில் அவர் யாருக்கு முன்னாலும் அப்படித் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. அது என்னால்தான்.

வாளியை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

அவர் காலி இலையை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். இலை போட்டிருந்ததே ஒழிய அதில் ஒரு பருக்கை இல்லை. வாளி வைத்திருந்த எங்கள் தெரு ஆட்கள் கல்லாய் நின்றார்கள். என் வீட்டுக்காரர் மைக்கை அணைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விருந்துக்கு மளிகைச் சாமான் கொண்டுவந்த வீரசோழன் ஊர்க் கடைக்கார பாய் ஒருவர், கடைசி இலையில் அதுவரை மற்றவர்களோடு காத்திருந்தவர், எழுந்து வந்தார். சாத வாளியை ஒருவர் கையிலிருந்து வாங்கினார். "என்னப்பா, கை மரத்துப் போச்சா? வந்த புள்ளைகள பட்டினி போடவா அரிசி தந்தேன்?" என்று அதட்டிவிட்டு என் இலையில் சாதத்தைக் கொட்டினார். "தங்கச்சி, குழி கட்டு. சாம்பார் ஓடிறப் போகுது."

முதல் உருண்டையை எடுத்தேன். கண்ணீர் ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். அந்த அம்மா தன் தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளி, "சாப்புடுங்க, ஏற்கெனவே ஆறிப்போச்சு" என்றார். குடித்தேன். கொஞ்ச நேரத்தில் எங்கள் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் கரண்டியை வைத்துவிட்டு எதிர் வரிசையில் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான். ஊர் ஒன்றும் அன்றைக்கே திருந்திவிடவில்லை.

என் வீட்டுக்காரர் நாலு நாள் என்னோடு பேசவில்லை. தெருவில் பேச வேண்டியதையெல்லாம் பேசினார்கள். அந்த அம்மா விதைப்புக்கு வந்தார். "அக்கா" என்று கூப்பிட்டேன். சிரித்தார், மறுபடியும் "மொதலாளியம்மா" என்றுதான் சொன்னார். எழுந்து போனவர்களில் சிலர் இன்று வரை என்னிடம் முகம் கொடுப்பதில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. வாக்கைக் காப்பாற்ற அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டவள் நான்தான்.

இப்போதும் எங்கள் ஊரில் வருடா வருடம் அந்த விருந்து நடக்கிறது. எனக்குப் பரிமாறவும் பிடிக்கும். ஆனால் கரண்டியை எடுக்கும்போதெல்லாம், இது பணிவா, இல்லை உட்காராமல் தப்பிக்கிற வழியா என்று என்னையே ஒரு தடவை கேட்காமல் என்னால் அதைத் தூக்க முடிவதில்லை.