இன்னும் நாலே கேள்வி

விழுப்புரத்தில் குடியிருந்துகொண்டு ஊர் ஊராகப் போய் ஆராய்ச்சிக்காரர்களின் கேள்வித்தாளை நிரப்பித் தரும் பார்சுவநாதனுக்கு ஒரு பெருமை உண்டு. இருபது வருடத்தில் அவர் கொடுத்த தாள் எதிலும் ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை. வேலையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தொழில் ரகசியங்களெல்லாம் சொந்தக் கண்டுபிடிப்பு. யாராவது எழுந்திருக்கப் பார்த்தால், "இன்னும் நாலே கேள்விதாம்மா" என்பார். பதினைந்து பாக்கியிருந்தாலும் நாலுதான். முடிப்பவர்களுக்கு உண்டான எவர்சில்வர் டப்பாவை அவர்கள் கண்ணில் படும்படி வைத்துக்கொள்வது இரண்டாவது ரகசியம்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரின் மனநிலையைப் பற்றிச் சென்னைக் கல்லூரி ஒன்று ஆராய்ந்தது. முப்பத்தொரு பேரை முடித்துவிட்டு, திண்டிவனத்தில் மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலையை உடைக்கும் மில்லில் வேலை செய்யும் இருதயமேரியின் வீட்டுக்குப் போனார். பதினேழாவது கேள்வி, மகனோடு பேசிய கடைசிப் பேச்சு.

"போதும் சார். பேஜாரா இருக்குது."

"இன்னும் நாலே கேள்விதாம்மா."

சொன்னாள். அப்பன் ஒளித்துவைத்திருந்த பைக் சாவியை அன்றைக்கு மகனுக்கு எடுத்துக் கொடுத்தது அவள்தான். அதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. அவள் அழ அழ, பார்சுவநாதன் எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக வந்தது.

மூன்றாம் நாள் போன் வந்தது. "அந்தப் பேப்பரத் திருப்பிக் குடுத்துடுங்க சார். எங்கூட்டுக்காரரு காதுல வுழுந்தா நான் இன்னா பண்ணுவேன்? சோறே எறங்கல."

முடியாது என்று மேலிடத்து வாயால் சொல்லவைக்கலாம் என்று, கல்லூரியில் ஆராய்ச்சியை நடத்தும் கலைப்பிரியாவைக் கூப்பிட்டார்.

"உடனே குடுத்துடுங்க சார். சம்மதப் படிவத்துல ரெண்டாம் பக்கமே அதானே? படிச்சுக் காட்டித்தானே கையெழுத்து வாங்குனீங்க?"

"பின்ன? படிக்காமயா மேடம்" என்று சொல்லிவிட்டுப் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். கையெழுத்துக்கான இடம் முதல் பக்கத்தின் அடியிலேயே இருந்தது. இரண்டாம் பக்கத்தில் நிரப்புவதற்கு ஒரு கட்டமும் இல்லை. அவர் ஏன் திருப்பப் போகிறார்?

மறுநாள் காலை திண்டிவனத்தில் தாளை அவள் கையில் கொடுத்தார். சுக்குநூறாகக் கிழித்துத் தண்ணீர் வாளியில் போட்டாள். மை கரைகிறவரை நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய், துலக்கிவைத்திருந்த டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். "வேணாம்னு சொன்னப்புறம் இது எனக்குச் சேராது சார்."

பார்சுவநாதன் உட்கார்ந்து இரண்டாம் பக்கத்தை முதன்முறையாக வாய்விட்டுப் படித்தார். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடலாம். கொடுத்த பதில்களைத் திரும்பக் கேட்கலாம். அன்பளிப்பு அப்போதும் உங்களுடையதே.

"அன்னிக்கே படிச்சிருந்தீங்கன்னா நான் பதினேழுலயே எழுந்திருப்பேனே?"

"எனக்கே இப்பத்தாம்மா தெரியும்."

"இருவது வருசமா இதான பண்ணிக்கினு இருக்கறீங்க?" அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். "படிக்கத் தெரியாதவ நான் ஒருத்திதான்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார்."

பார்சுவநாதன் பையிலிருந்து, முன்பே முடித்த தாய்மாரின் பட்டியலை எடுத்தார். பட்டியலில் முதல் பெயர் வல்லத்தில் இருந்தது. இரண்டாம் பக்கம் மேலே தெரியும்படி படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். மடியில் முப்பத்தொரு தாள்கள், ஒரு கட்டம்கூடக் காலியில்லாமல்.