நான் கீறிய கை

எங்கள் கிளப்பில் ஒருவருடைய பந்துக்குள் மற்றவர் விரல் விடக்கூடாது. மூக்குக்கண்ணாடி, பல்செட்டு முதலியவற்றுக்கு உள்ள மரியாதை அதற்கும் உண்டு.

திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு வெள்ளைக்காரக் கடற்படை கிளம்பியபோது, கனமென்று விட்டுப்போன சாமான்களில் ஒரு நீண்ட பலகைத் தளமும், பந்தை உருட்டி விழுத்துவதற்காக அதன் கடைசியில் நிறுத்துகிற பத்துக் கட்டைகளும், இரும்புக்கு வெட்கம் வரவைக்கும் கனத்தில் சில மரப்பந்துகளும் இருந்தன. பந்துகளின் துளைகள் வெள்ளைக்கார விரல்களுக்குப் போட்டவை. என் விரல்கள் அவற்றுக்குள் கிணற்றில் விழுந்த வெண்டிக்காய் மாதிரி ஆடின. ஆகவே பழைய துளைகளை மரக்கட்டையும் பசையும் வைத்து அடைத்து, அவரவர் கைக்கு அளவெடுத்து, துறைமுகப் பட்டறையில் புதிதாகத் துளைத்துக்கொண்டோம். துளைத்துத் தந்த பட்டறைக்காரரும் கிளப்பில் ஒருவர்தான்.

எவருக்கு எந்தப் பந்து என்பதைக் கல்யாணத்துக்குப் போலப் பொருத்தம் பார்ப்போம். வேகமாக எறிபவருக்குக் கனத்தது. என்னைப் போல் மெதுவாக உருட்டி, மிச்சத்தைக் கடவுளிடம் விடுபவருக்கு இலேசானது. அதோடு முடிந்துவிடாது. வாடைக் காலத்தில் பலகை ஈரம் குடித்து ஊதும். இலேசான பந்து பாதி வழியில் யோசிக்கத் தொடங்கிவிடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பலகை காய்ந்துவிடும். தேங்காயெண்ணெய்த் துணியால் துடைத்தால் கனத்த பந்து சறுக்கிக்கொண்டு ஓடும். இதைப் பற்றி நான் உருட்டியதைவிடக் கதைத்தது அதிகம்.

கதைக்காமல் அறிந்தவன் ஒருவன் இருந்தான். கிண்ணியாவிலிருந்து பாதை என்கிற படகேறித் துறைமுக வேலைக்கு வரும், சாமான் தூக்கும் வின்ச் ஓட்டி, என் வயதுக்காரன். செருப்பைக் கழற்றி, உள்ளங்காலால் பலகையை ஒருமுறை தடவிப் பார்ப்பான். "இண்டைக்குக் கறுவல்," என்பான். அன்று கறுத்த பந்துதான். மற்றவர்களின் பந்துகளையும் அவன் கால்தான் தீர்மானித்தது.

ஒருநாள் வின்ச்சின் கம்பி அவனுடைய வலக்கை நடுவிரலில் பாதியைக் கொண்டுபோயிற்று. காயம் ஆறியபின் கந்தோரில் ஒரு மேசையும் மூட்டை எண்ணிக் குறிக்க ஒரு பென்சிலும் கொடுத்தார்கள். கிளப்புக்கு மட்டும் அவன் வரவில்லை. நான்கு மாதம் பொறுத்துவிட்டு நேரே போய்க் கேட்டேன்.

"மச்சான், பத்துக் கட்டையும் விழுத்தினவன் நான். இனி மூண்டை விழுத்திப்போட்டு, உங்கட கைதட்டை வாங்கிக்கொண்டு வீட்ட போகவோ? ஏலாது. அந்தக் கதையை விடு."

விட்டேன், வெளியில். உள்ளுக்குள் விட முடியவில்லை. அவனில்லாத சனிக்கிழமைகளில் கட்டைகள் விழத்தான் செய்தன; சிரிக்கத்தான் ஆளில்லை. நடுவிரலை விட்டுவிட்டுப் பெருவிரல், சுட்டுவிரல், மோதிரவிரல் மூன்றுக்கும் துளைபோட்ட பந்து ஒன்று செய்தால் என்ன என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன். "செய்யலாம். அளவு வேணும்," என்றார். அளவு கேட்டால் அவன் என்னைக் கடலில் தள்ளுவான்.

அந்த மாதம் அவனுடைய தங்கைக்குக் கல்யாணம். சஹனில் சாப்பாடு: ஒரு பெரிய தட்டம், நடுவில் சோறும் இறைச்சியும், சுற்றிலும் ஆறு பேர். நான் அவனுக்கு நேரெதிரே போய் உட்கார்ந்தேன். அவன் கை சோற்றில் இறங்குவதையும், விரிவதையும், இறைச்சியைத் தேடிப் போவதையும் வைத்த கண் வாங்காமல் பார்த்தேன்.

"என்னடா, நீ தின்னாம என்ட கையையே பாக்கிறாய்? பெரிய துண்டை எடுத்துப்போடுவன் எண்டு பயமோ?"

"ஓம்," என்றேன்.

அவன் அந்தப் பெரிய துண்டை எடுத்து என் பக்கம் வைத்தான். வீட்டுக்கு வந்ததும், மறக்கமுன், கடதாசியில் அந்தக் கையைப் படமாகக் கீறினேன்.

இங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது. எதிரே இருந்தவனைப் பார்த்துக் கீறியது அல்லவா? கண்ணாடியில் போல வலது இடமாகியிருக்கும் என்று தீர்மானித்தேன். விஞ்ஞானப் புத்தகம் ஒன்றில் இதற்குப் படமே போட்டிருந்தது. கடதாசியை விளக்குக்கு நேரே பிடித்து, புரட்டி, பின்பக்கத்தில் கவனமாகத் திருத்திக் கீறினேன். எழுத்துவாசனை குறைந்த எவனும் முதலில் கீறியதையே கொடுத்திருப்பான்.

பந்து தயாரானதும், அவனுடைய மேசையிலேயே கொண்டுபோய் வைத்தோம். அவன் அதைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். அன்று பின்னேரம் அதைத் தூக்கிக்கொண்டு கிளப்புக்கு வந்தான். பெருவிரல் இறங்கியது. சுட்டுவிரலுக்குத் துளை எட்டவில்லை. மோதிரவிரல் பந்துக்கு வெளியே நின்று வெறுங்காற்றைத் தடவியது.

"இது ஆருட கை?"

"உன்ட."

"என்ட உம்மா பெத்தது இது இல்ல."

"கீறினது அவர்," என்று பட்டறைக்காரர் என்னை நோக்கி விரலை நீட்டினார். அவருடைய விரல்கள் பத்தும் நலமாக இருந்தன.

அவன் பந்தைக் கீழே வைக்கப் போனான். வைத்துவிட்டால் அவன் இந்தக் கதவுக்குள் திரும்பி வரமாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. வைப்பதற்காகக் கை மாற்றியபோது, இடக்கையின் மூன்று விரல்களும் மூன்று துளைகளிலும் போய் உட்கார்ந்தன. கோழி அடைக்கு உட்காருவது போல, அத்தனை சரியாக.

"இடக்கையாலயோ?" என்றான். "உம்மா கண்டா அடிப்பா."

"சலாம் குடுக்கச் சொல்லேல்ல மச்சான், உருட்டத்தானே சொல்றம்."

முதல் பந்து தளத்தின் ஓரத்து வாய்க்காலுக்குள் போயிற்று. எவரும் கைதட்டவில்லை, முன்னமே பேசி வைத்திருந்தோம். அவன் செருப்பைக் கழற்றினான். வழக்கமான இடத்தில் நிற்காமல், தளத்தின் இடது ஓரத்தில் உள்ளங்காலைத் தேய்த்தான். நெடுநேரம் தேய்த்தான்.

"டேய், இந்தப் பக்கம் ஒருத்தனும் வரேல்லயேடா," என்றான்.

உண்மைதான். நாங்கள் எல்லோரும் வலக்கைக்காரர். வருடக்கணக்காக வலப்பக்கமாகவே உருட்டி அந்தப் பாதியில் வண்டித்தடம் விழுத்தியிருந்தோம். எந்தப் பந்தையும் அது தன் வழிக்கு இழுத்துவிடும். இடப்பக்கப் பலகை வெள்ளைக்காரன் மினுக்கிவிட்டுப் போன மாதிரியே கிடந்தது. அவனுடைய இரண்டாவது பந்து அதில் சத்தமில்லாமல் போய் ஏழு கட்டைகளை விழுத்தியது.

"ஏழு," என்றேன்.

"கண் தெரியும்," என்றான். கட்டைகளை நிமிர்த்தத் தானே நடந்தான்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது அவன் எனக்கு முன்னமே வந்து, கையில் எண்ணெய்த் துணியோடு நின்ற ஒருவரை வாசல்வரை கேட்கும்படி ஏசிக்கொண்டிருந்தான்.

"உங்கட பக்கத்தில எண்ணெயை ஊத்துங்க, குளிங்க, என்னவும் செய்யுங்க. என்ட பக்கம் ஒருத்தரும் தொடப்படாது!"