உழைக்கிற உடம்பும் அமெரிக்க மாத்திரையும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டினேன், மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டியில் மூட்டை தூக்கினேன். எங்கும் ஒரு வருடம் தங்கியதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் பொள்ளாச்சிக்குப் பக்கத்துத் தேங்காய்க் களம் ஒன்றில் அதற்கு மேலும் தங்கிவிட்டேன் என்றால், அங்கிருந்த லோடுமேன் ஒருவர்தான் காரணம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அண்ணன் என்று கூப்பிடுவேன். எனக்குப் படுக்க இடம் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான், ராத்திரிச் சோறும் அவர் வீட்டில்தான்.

அண்ணனுக்குச் சிறுநீர் சரியாகப் போகவில்லை. லாரியில் பாதி மூட்டை ஏறியிருக்கும்போதே இறங்கி வேலியோரம் போவார். போனால் லேசில் வரமாட்டார். “அண்ணன் மடை திருப்பப் போயிருக்காரு, பாத்தி நெறஞ்சாத்தான் வருவாரு” என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். என்ன தொந்தரவு என்று கேட்டால் சூடு என்பார். எங்கள் பக்கம் ஆம்பிளைக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் அதற்குச் சூடு என்றுதான் பெயர். சூட்டுக்கு இளநீர் குடிக்க வேண்டும். தேங்காய்க் களத்தில் இளநீருக்கா பஞ்சம்? குடிக்கக் குடிக்க இன்னும் அதிகமாக வேலியோரம் போனார்.

கோயமுத்தூருக்குப் போய்க் காட்டலாம் என்று நான் நச்சரித்தேன். ஒரு நாள் முதலாளி காதிலேயே விழும்படி சொன்னேன். முதலாளி கெட்டவர் இல்லை. தோட்டம், களம், எண்ணெய் மில் எல்லாம் இருந்தும் கூலிக்காரர்களிடம் குரலை உயர்த்தாதவர். அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு, உள்ளே போய் ஒரு புட்டியை எடுத்து வந்தார். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் அவருடைய மகன் அனுப்பியது. உள்ளே தேன் நிறத்தில் வழவழவென்று மாத்திரைகள். வைட்டமின் ஈ என்றார்.

“எனக்கும் இதே சூடுதானப்பா. இதத் தின்னுதான் சரியாச்சு. அங்க வெள்ளக்காரனெல்லாம் இதத்தான் திங்கறானாம்.”

டாக்டரிடமும் ஒரு தடவை காட்டிவிடலாமே என்று நான் இழுத்தேன். முதலாளி சிரித்தார். “நம்ம ஒடம்பு மாதிரியா இவனுது? உழைக்கிற ஒடம்பு. ஒண்ணும் ஆவாது.”

அண்ணனுக்கு அதில் பெருமை. கோயமுத்தூர்ப் பேச்சு அதோடு முடிந்தது. தினமும் காலையில் சாமி கும்பிட்டுவிட்டு ஒரு மாத்திரை. தீர்ந்தால் முதலாளி அடுத்த புட்டி கொடுப்பார். அந்த மாத்திரைகளை நம்பி ஒரு வருடம் போயிற்று. இடுப்பு வலி வந்தது. மூட்டை தூக்குகிறவனுக்கு இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தேய்த்தோம். ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்க முயன்றார். இரண்டு கால்களும் சொன்னபடி கேட்கவில்லை.

பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே அண்ணன் டாக்டரிடம் சொன்ன முதல் வார்த்தை, “ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் சூடுங்க.” டாக்டர் கேட்டுக்கொண்டே பரிசோதித்தார். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், முதுகெலும்புக்குப் போய்விட்டது, இனி வலியைக் குறைக்கத்தான் பார்க்கலாம் என்று என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

நான் புட்டியைக் காட்டினேன். இவ்வளவு தின்றாரே, இது ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்டேன். அவர் கோபப்படாமல் விளக்கினார். கடலையிலும் எண்ணெயிலும் இருக்கிற சத்துதான் இது. இந்த நோயின் மூர்க்கத்தைக் குறைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். அமெரிக்காவில் வெள்ளைக்காரர்களைவிடக் கறுப்பர்களுக்கு இது மூர்க்கமாக வருகிறது. சாப்பாட்டாலா, பிறவியாலா, ஆஸ்பத்திரிக்கு வரவிடாத வறுமையாலா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியென்றால் நமக்கு எப்படிங்க என்றேன்.

“நம்மள யாருப்பா அப்படிப் பாத்தாங்க?” என்றார்.

யாரோ ஒரு தேசத்தில், யாரோ ஒருவன் உடம்புக்கென்று யோசித்துச் செய்ததை, எண்ணெய் மில் வாசலில் மூட்டை தூக்குகிறவன் சாமிப் பிரசாதம் மாதிரி விழுங்கியிருக்கிறான். அவன் உடம்பை ஒரு தடவை தொட்டுப் பார்க்க ஆளில்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு முதலாளி பார்க்க வந்தார். கையில் ஆப்பிளும் புதுப் புட்டியும். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தைரியம் சொல்ல நினைத்துத்தான் அதைச் சொன்னார்.

“பயப்படாத. எனக்கும் இதே கேன்சர்தான். மெட்ராசுல போய் ஆபரேசன் பண்ணிப்போட்டு வந்தேன். இப்ப நல்லாத்தான இருக்கறேன்?”

எங்களில் யாருக்கும் அது தெரியாது. அவர் மெட்ராசுக்குப் போயிருந்தபோது மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றுதான் களத்தில் சொல்லியிருந்தார்கள். மகள் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம் அது. அதனால் கேன்சரை அவரும் சூடு என்று மாற்றிச் சொல்லியிருக்கிறார்.

அண்ணனின் மனைவி அதுவரை அவர் முன்னால் நிமிர்ந்து பேசியதில்லை. “ஏனுங்க, அப்ப உங்களுக்குச் சரியானது மாத்திரையில இல்லீங்களா?” என்றார்.

முதலாளி ஆப்பிள் பையைக் கட்டிலடியில் நகர்த்தி வைத்தார்.

“மாத்திரையக் குடுத்தீங்க. ஆபரேசன மட்டும் சொல்லாம உட்டுட்டீங்களே.” புட்டியை எடுத்து அவர் கையிலேயே திருப்பி வைத்தார். “இது உங்க ஒடம்புக்குத்தான் ஆகுமுங்க.”

“கோவிச்சுக்காதீங்க மொதலாளி, அவளுக்கு என்ன தெரியும்” என்று அண்ணன் படுத்தபடியே கை கூப்பினார். எனக்கு அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிடத் தோன்றியது.

மழைக்காலத்துக்கு முன்னால் அண்ணன் போய்விட்டார். சவம் எடுக்கிற செலவு முழுவதையும் முதலாளியே பார்த்துக்கொண்டார். என்ன மனசு என்று ஊர் மெச்சியது. மறுநாள் களத்தில் லாரிக்காரர் ஒருவர் வந்து அண்ணனுக்கு என்ன என்று கேட்டார்.

“சூடு முத்திப்போச்சுங்க” என்றார் கணக்குப்பிள்ளை.

“கேன்சர்” என்றேன் நான். கணக்குப்பிள்ளை உள்ளறையைக் கண்ணால் காட்டி, மெதுவாகப் பேசச் சொன்னார். முதலாளி உள்ளேதான் இருந்தார். “புராஸ்டேட் கேன்சர். மொதலாளிக்கு வந்த அதே கேன்சர்” என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

சாயங்காலமே என் பையைக் களத்துக்கு வெளியே வைத்துவிட்டார்கள். வைக்காவிட்டாலும் போயிருப்பேன்.